மேஸ்திரியின் மூச்சு வித்தை

பெண்டாட்டி கேட்கிற எதற்கும் இனிமேல் முடியாது என்று சொல்லப்போவதில்லை என்று குழந்தைசாமி மேஸ்திரி ஒரு சாயங்காலம் முடிவெடுத்தார். நல்ல மனசு வந்து எடுத்த முடிவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டிவி பார்த்து எடுத்த முடிவு அது.

மரக்காணம் உப்பளத்தில் அவருக்குக் கீழே ஆணும் பெண்ணுமாக நிறையப் பேர் வேலை செய்தார்கள். அவர் சொன்னால் பாத்தியில் தண்ணீர் பாயும். அவர் சொன்னால் நிற்கும். வீட்டில் அவர் சொன்னால் சொட்டுகிற குழாய்கூட நிற்காது. பேரிலேயே குழந்தையும் இருக்கிறது, சாமியும் இருக்கிறது. பகலெல்லாம் உப்பளத்தில் சாமியாக இருந்துவிட்டு, வீட்டுப் படி ஏறியதும் குழந்தையாகிவிடுவார். அதை மாற்றிக்கொள்ளத்தான் அவருக்கு ஒரு குரு கிடைத்தார்.

'மூங்கில் மலை மாவீரன்' என்று ஒரு தொடர். சுனாமி வந்துபோன மறு வருஷம் கேபிளில் போட்டார்கள். சீனாக்காரர்கள் பறந்து பறந்து சண்டை போடுவார்கள். நம்மூர் ஆட்கள் பின்னாலிருந்து தமிழ் பேசுவார்கள். பேச்சு முடிந்த பிறகும் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருக்கும். அதில் ஒரு கிழட்டு குரு. புருவம் வெள்ளையாக வளர்ந்து கன்னம்வரை தொங்கும். அவர் யாரையும் அடிக்க மாட்டார். ஒரு வாக்கியம் சொல்வார். எதிரி குட்டிக்கரணம் போட்டுப் போய் விழுவான். குழந்தைசாமிக்குச் சண்டை முக்கியமில்லை, அந்த வாக்கியம்தான் முக்கியம். சாயங்காலம் கேட்டுக்கொள்வார். மறுநாள் உபயோகிப்பார்.

எல்லாம் பலித்தது என்று சொல்ல முடியாது. 'எதிரியின் கண்ணை இமைக்காமல் பார், அவன் மனம் உன் கைக்கு வரும்' என்று குரு சொன்னதை நம்பி, முதலாளி நடராசனை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்யா, கண்ணுல உப்பு பட்டுடுச்சா? போய் நல்ல தண்ணியில கழுவு" என்றார் முதலாளி.

வெளியே இப்படி என்றால் வீட்டில் வேறு மாதிரி. தை மாசம் மகள் கலைமதியை வானூரில் கட்டிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து பெண்டாட்டி தையல்நாயகிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜான்சி ஒரு சேதி கொண்டுவந்தாள். ஈசிஆர் ரோட்டில், சவுக்குத் தோப்பைத் தாண்டி, புதிதாக ஊதுபத்தி ஷெட் போடுகிறார்கள். பத்தி உருட்டுவதை ஜான்சி பிறந்த வீட்டில், பெரிய முதலியார்சாவடியிலேயே கற்றுக்கொண்டவள். கூட ஒரு ஆளை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஷெட் பக்கத்தில் பஸ் நிற்காது. நடந்து போனால் போய்ச் சேரும்போதே திரும்புகிற நேரம் வந்துவிடும். ஆகவே ஒரு வண்டி வேண்டும். அந்த இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருந்த ஒரே வண்டி குழந்தைசாமியின் டிவிஎஸ்தான்.

"உங்களுக்கு அளம் கூப்பிடு தூரம்" என்றாள் தையல்நாயகி. "நடந்தா உடம்புக்கும் நல்லது. வண்டிய நான் எடுத்துக்கினு போறேன்."

"முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

ஏன் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த வண்டியில் ஏறி, இரண்டு பக்கமும் உப்புக் குவியல் வெள்ளை வெளேரென்று நிற்க, வரப்பு ரோட்டில் போகும்போதுதான் தான் ஒரு மேஸ்திரி என்று அவருக்கே நம்பிக்கை வரும். இன்னொரு காரணமும் இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. எனவே முடியாது என்று மட்டும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்பது அதிகமானது. கூடவே குழம்பில் காரமும் அதிகமானது.

அப்போதுதான் அந்தச் சாயங்காலம் வந்தது. சீடன் கேட்கிறான்: 'குருவே, எதிரி நம் கோட்டையைக் கேட்கிறான். என்ன செய்வது?' குரு புருவத்தை நீவிக்கொண்டு சொல்கிறார்: 'மறுக்காதே, சீடனே. கதவைத் திறந்தே வை. படியை மட்டும் எடுத்துவிடு.'

குழந்தைசாமி தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். விளம்பரம் போட்டுவிட்டார்கள். மிச்சத்தைப் பார்க்கவும் அவருக்குப் பொறுமை இல்லை. நேராக வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னால் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தையல்நாயகி தலை நிமிர்ந்த மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் காலையில், ஜான்சியும் அவள் புருஷன் அந்தோணிராஜும் வாசலில் நிற்கும்போது, மேஸ்திரி அறிவித்தார்.

"யாருப்பா முடியாதுன்னு சொன்னது? நான் சொல்லல. வண்டி எடுத்துக்கட்டும். ஆனா ஒண்ணு. நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னா ஸ்டார்ட் பண்ணத் தெரியணும் இல்ல? இவ மிதிச்சு என்னைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகுதோ, அன்னையிலேர்ந்து வண்டி இவளுது."

"நெசமாவா?" என்றாள் தையல்நாயகி.

"நாலு பேரு முன்னாடி சொல்றேன்" என்றார். மூன்று பேர்தான் இருந்தார்கள். வண்டியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அவர் எடுத்துவிட்ட படி எது என்றால், பெட்ரோல் டேப்பு. டாங்கிக்கு அடியில், இடது பக்கம், விரல் அளவுக்கு ஒரு திருகு. உப்பளத்திலிருந்து வரும்போது கொஞ்ச தூரத்துக்கு முன்னாலேயே அதை மூடிவிடுவார். கார்புரேட்டரில் மிச்சமிருக்கிற பெட்ரோல் தீர்வதற்கும் வாசல் வருவதற்கும் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு அந்த வண்டியை யார் மிதித்தாலும் கால்தான் வலிக்கும். முந்தின ராத்திரியே ஒரு சுற்றுப் போய் வந்து ஒத்திகையும் பார்த்திருந்தார்.

தையல்நாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டாண்டில் நின்ற வண்டிமேல் ஏறினாள். கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிளில் வயல்காடெல்லாம் சுற்றியவள். மிதிக்கத் தெரியாதவள் இல்லை. மிதித்தாள். சங்கிலி சத்தம் மட்டும் வந்தது.

"இன்னாங்க, வர மாட்டேங்குது."

"வண்டிக்கு ஆள் தெரியும்."

"ஆள் தெரியறதுக்கு இது இன்னா மாடா?"

"தள்ளு."

மேஸ்திரி தோளிலிருந்த துண்டை எடுத்தார். உப்புக் காற்றில் துருப் பிடிக்கும் என்று வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். ஹேண்டில் பாரைத் துடைத்தார், டாங்கியைத் துடைத்தார், டாங்கிக்கு அடியில் துடைத்தார். துண்டுக்குள் விரல் ஒரு திருகு திருகியது. ஆனால் டேப்பைத் திறந்த உடனே வண்டி வராது. பெட்ரோல் இறங்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கும் குருவிடம் ஒரு சரக்கு இருந்தது. குழந்தைசாமி கண்ணை மூடி, வயிறு பானை மாதிரி உப்பும்வரை மூச்சை இழுத்தார். நிறுத்தினார். மெதுவாக விட்டார். அப்புறம் ஒரே மிதி. வண்டி படபடவென்று பேசியது.

"இன்னா பண்ணீங்க?"

"மூச்சு."

"நானும் மூச்சு விட்டுக்கினுதான இருக்கறேன்."

"அது உசுரோட இருக்கறதுக்கு விடற மூச்சு. இது வேற."

அதற்குப் பிறகு தினமும் காலையில் தையல்நாயகி வண்டியில் ஏறி, அவர் சொன்னபடி வயிற்றை உப்பவைத்து, மிதித்துப் பார்த்தாள். வண்டி வாயே திறக்கவில்லை. அவளும் சண்டை போடவில்லை. குழம்பில் காரம் குறைந்தது. அட, வாழ்க்கையையே பாடமாக நடத்துகிறாரே இந்தக் கிழவர் என்று குழந்தைசாமி உருகிப்போனார். டிவியில் குரு வந்தால் காலை மடக்கி மரியாதையாக உட்கார ஆரம்பித்தார்.

வித்தை மெல்ல வெளியே பரவியது. தையல்நாயகி ஜான்சியிடம் சொல்ல, ஜான்சி புருஷனிடம் சொன்னாள். அந்தோணிராஜ் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன். ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் அதைக் கிளப்ப வேண்டும். அதனோடு மல்லுக்கட்டியே அவன் பாதி ஆயுசு போய்விட்டது.

"மேஸ்திரி, எனக்கும் அத கொஞ்சம் சொல்லிக் குடுங்க. சுத்திச் சுத்தி தோள்பட்டை கழண்டுபோச்சு."

"சக்தி தோள்ல இல்ல அந்தோணி. தொப்புளுக்குக் கீழ இருக்குது."

"எனக்கு அங்க லுங்கி முடிச்சுதான் இருக்குது."

"தேடினாதான் கெடைக்கும்."

அந்தோணிராஜ் தேட ஆரம்பித்தான். உப்பு வாருகிற ஆட்கள் பார்க்க, எஞ்சினுக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ ஒரு நாள் எஞ்சின் முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. அவ்வளவுதான். உப்பளமே மேஸ்திரியை வேறு கண்ணால் பார்த்தது. மண்வெட்டி பிடித்தவர்கள்கூட வெட்டுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்கள். வேலை கொஞ்சம் மந்தமானது. மேஸ்திரி கண்டுகொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை. பேசும்போது அவரே தன் புருவத்தை நீவிக்கொள்ள ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை, சோறு போட்டுக்கொண்டே தையல்நாயகி சொன்னாள்.

"திங்கக்கிழமை ஷெட்டு தொறக்குறாங்களாம்."

"அப்படியா?"

"என்னால ஆகலன்னா ஜான்சி வேற ஆள கூட்டிக்கினு போகட்டும். பாவம், அவளும் எத்தினி நாள் காத்துக்கினு இருப்பா. நாளைக்குக் கடைசியா ஒரு தடவ மிதிச்சுப் பாத்துடறேன்."

"பாரு. பாக்க வேணாம்னு நான் சொல்லல."

"அந்தோணி தம்பி ரொம்ப ஆசைப்படுது. அளத்து ஆளுங்களும் பாக்கணுங்கறாங்களாம். காலையில அவங்க மாதா கோயில் பூசை முடிஞ்சு வந்ததும் எல்லாருக்கும் ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன். நானும் நல்லா பாத்துக்கறேன்."

குழந்தைசாமிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வெற்றி கைக்கு வரும்போது இரக்கப்பட்ட சீடன் ஒருவன் மலையிலிருந்து விழுந்ததை அவர் போன வாரம்தான் பார்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நல்ல கூட்டம். அந்தோணிராஜ் கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வண்டிக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டான். மூச்சு எந்த இடத்தில் தங்குகிறது என்று பார்க்க, மேஸ்திரியின் வயிற்றுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டான். குழந்தைசாமி கம்பீரமாக வந்து, தோளில் கை வைத்தார். துண்டைக் காணவில்லை.

"தையலு, துண்டு எங்க?"

"அழுக்கா இருந்துச்சு. தோய்ச்சுப் போட்டுட்டேன்."

கொடியில் துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"வேற துண்டு?"

"இன்னாத்துக்குங்க? வண்டிய நானே காலையில எண்ணெ போட்டு பளபளன்னு தொடச்சு வெச்சிருக்கறேன்."

வண்டி மின்னியது. துடைக்க ஒரு தூசி இல்லை. குழந்தைசாமி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். டேப்பு மூடியிருக்கிறது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அதற்கு நேராக அந்தோணிராஜின் மூக்கு இருக்கிறது.

சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டைத் தவறவிட்டார். குனிவதற்குள் அந்தோணிராஜ் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

"எல்லாரும் கெழக்க பாத்து கண்ண மூடிக்கங்க" என்றார். "வித்தைக்கு அது ஒரு மொறை."

எல்லோரும் திரும்பினார்கள். தையல்நாயகி மட்டும், "கண்ண மூடிக்கினா எப்படிங்க கத்துக்கறது?" என்றாள். நியாயம்தானே என்று எல்லோரும் மறுபடி இந்தப் பக்கமே திரும்பினார்கள்.

வேறு வழி இல்லை. குழந்தைசாமி மூச்சை இழுத்தார். மிதித்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆழமாக இழுத்தார். மிதித்தார். சங்கிலி சத்தம் கேட்டது. அந்தோணிராஜும் ஆதரவாக மூச்சு இழுத்தான். கூட்டமே இழுத்தது. அந்த வாசலில் அன்றைக்கு இழுக்கப்பட்ட மூச்சுக்கு ஒரு பாய்மரக் கப்பலே நகர்ந்திருக்கும். வண்டி நகரவில்லை. மேஸ்திரிக்கு வேர்வை காதோரம் வழிந்து, கழுத்தில் இறங்கி, சட்டை முதுகோடு ஒட்டியது. டேப்பைத் தொட்டால் மானம் போகும். தொடாவிட்டால் உயிர் போகும் போலிருந்தது.

"ஐயோ, இப்படி வேர்க்குதே" என்று தையல்நாயகி கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். "எறங்குங்க, கொஞ்சம் நெழல்ல நில்லுங்க. நானும் என் பங்குக்குப் பாத்துடறேன்."

இறங்கி நின்று அவர் பார்த்தார். அவள் அதே துண்டால் ஹேண்டில் பாரைத் துடைத்தாள். டாங்கியைத் துடைத்தாள். டாங்கிக்கு அடியில் துடைத்தாள். துண்டுக்குள் விரல் ஒரு திருகு திருகியது. அந்தோணிராஜ் அவள் விரலைப் பார்க்கவில்லை. மரியாதைக்காக வானத்தைப் பார்த்தான். அப்புறம் அவள் கண்ணை மூடி, நிதானமாக, பெட்ரோல் இறங்குகிற நேரம் மட்டும் மூச்சை இழுத்து, நிறுத்தி, வெளியே விட்டாள். ஒரே மிதி.

வண்டி படபடவென்று பேசியது.

"மேஸ்திரி சக்தி அக்காவுக்கு எறங்கிடுச்சு" என்றான் அந்தோணிராஜ்.

கூட்டத்தில் யாரோ, "அப்ப மேஸ்திரிக்கு?" என்று கேட்டார்கள். குழந்தைசாமி தரையைப் பார்த்தார். தையல்நாயகி எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"எல்லாம் அவரு சொல்லிக் குடுத்ததுதான். அவரால முடியாதா இன்னா? எனக்கு வரணும்னுதான் இன்னைக்கு வேணும்னே விட்டுக் குடுத்தாரு. இல்லீங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் புருவத்தை நீவிக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினார். வேறு எதையும் ஆட்டுகிற நிலையில் அவர் இல்லை.

ஜான்சி பின்னால் ஏறிக்கொண்டாள். தையல்நாயகி ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு வரப்பு ரோட்டில் வண்டியை விட்டாள். முதலில் கொஞ்சம் வளைந்தது, அப்புறம் நேரானது. உப்புக் குவியல்களுக்கு நடுவே சேலைத் தலைப்பு பறக்க அவள் போவதைக் குழந்தைசாமி பார்த்துக்கொண்டு நின்றார். தான் போகும்போது இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்று ஒரு நிமிஷம் அவருக்கே தோன்றியது.

அவள் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து, கூட்டமும் கலைந்த பிறகு அவர் கேட்டார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? தெனமும் உங்க துண்டுல ஒரே முனையில பெட்ரோல் நாத்தம்."

"அப்பவே கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா வேற எதையாவது மூடியிருப்பீங்க. உங்க குரு சொன்னதுல நீங்க பாதிதான கேட்டீங்க. வெளம்பரம் போட்டதும் எழுந்து ஓடிட்டீங்க. அதுக்கப்புறம் அந்தப் பெரியவரு இன்னா சொன்னாரு தெரியுமா?"

"இன்னா சொன்னாரு?"

"'படியை எடுத்தவன் உள்ளே இருந்தால், அவனாலும் இறங்க முடியாது.' நான் கீரை ஆய்ஞ்சுக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன்."

குழந்தைசாமி வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மத்தியானம் சாப்பிட வந்தா வீடு பூட்டிக் கெடக்குமே, தையலு."

இதுதான் அவர் சொல்ல வெட்கப்பட்ட காரணம். தையல்நாயகி துண்டை மடித்து அவர் தோளில் போட்டாள்.

"கலைமதி போனதுலேர்ந்து எனக்குப் பகல் பூரா வீடு அப்படித்தாங்க இருக்குது. தெறந்துதான் இருக்குது. ஆனா பூட்டின மாதிரிதான் இருக்குது."

"சரி, போ" என்றார். மனசாரத்தான் சொன்னார். "சாக்கிரதையா போ. ரோட்டுல லாரி வரும்." அவள் தூக்குச்சட்டியில் சோறு கட்டித் தருவதாகச் சொன்னாள். அவரும் அளத்திலேயே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். உள்ளே தொடர் ஆரம்பிக்கிற இசை கேட்டது. குழந்தைசாமி வாசலில் தனியாக நின்று வண்டியைப் பார்த்தார். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவள் போகாமலிருந்தால் போதும் என்று தோன்றியது. நிரந்தரமாக இல்லை, நாளைக்கு மட்டும். மனசு கொஞ்சம் பழகிக்கொள்ளும். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. மெல்லக் குந்தி, எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடலாம் என்று அதன் மூடியை இழுத்தார். பிளக் இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டார். ஓட்டைதான் தட்டுப்பட்டது.

"ஏங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பிளக்கு எங்கிட்ட இருக்குது. கைய கழுவிக்கினு வாங்க, சோறு ஆறுது."